என் கைக்கட்டை அவிழ்த்தவர்கள்

ஓடுகிறோம். வியாழக்கிழமை. பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு இன்னும் சொல்லி முடியவில்லை. தூரத்தில் ஒரு ‘டொம்’. பிறகு சீழ்க்கை. எண்ணுகிறேன். ஒன்பது எண்ணுவதற்குள் பின்வளவில் விழுகிறது. மண் எழும்புகிறது. காது அடைக்கிறது.

“வயல் பக்கம் ஓடுங்க! நிக்காதீங்க!”

கத்துவது என் அண்ணன், காக்கா. மீன் லொறி ஓட்டுபவர். எனக்கும் என் அக்கா ராத்தாவுக்கும் மூத்தவர். ராத்தா என் கையைப் பிடித்திருக்கிறாள். மருதமுனையில் ஒரே கொட்டிலில் இரண்டு தறி போட்டு நெய்தவர்கள் நாங்கள். அந்தக் கொட்டிலைத் தாண்டத்தான் ஓடுகிறோம்.

மறுபடியும் சீழ்க்கை.

“படுங்க! படுங்க!”

படுத்தோம். கொட்டில் சுவர் எங்கள்மேல் விழுந்தது. ராத்தாவின் தலையில். என் வலது மேற்கையில்.

யார் அடித்தது? இவர்கள் அவர்களைக் கைகாட்டினார்கள். அவர்கள் இவர்களைக் கைகாட்டினார்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் விழுந்த ஷெல் எதற்கும் பெற்றவர்கள் என்று சொல்ல உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை.

காக்கா கல்லைப் புரட்டினார். ராத்தா மூச்சு நின்று மவுத்தாகிவிட்டாள். அவள் முகத்தை மூடிவிட்டு என்னிடம் வந்தார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் என் கை இன்னொரு முழங்கை போல மடிந்து கிடந்தது. தோல் கிழியவில்லை. தென்னை மட்டையைப் பிளந்து, இரண்டு பக்கமும் வைத்து, சாரனால் கட்டினார்.

“விரல ஆட்டு பாப்பம், தங்கச்சி.”

ஆட்டினேன்.

“மணிக்கட்டத் தூக்கு.”

தூக்கினேன். நன்றாகத் தூக்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்.

லொறியில் ஏற்றினார். ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வழியில் காவலரண். சீருடை போட்ட இரண்டு பேர். கட்டுக்குள் என்ன ஒளித்திருக்கிறாய் என்று கேட்டார்கள்.

“எலும்பு முறிஞ்சிரிக்கி. அவிழ்க்காதீங்க!” காக்கா கத்தினார்.

அவிழ்த்தார்கள். மட்டையைத் தூக்கி எறிந்தார்கள். ஒருவன் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, அக்குளைப் பார்த்தான். உள்ளே ‘நறுக்’ என்றது. தோளிலிருந்து பெருவிரல்வரை நெருப்பு ஓடியது. பிறகு கை தொங்கியது. மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன் என் கையிடம். அது கேட்கவில்லை.

காக்கா அவன் சட்டையைப் பிடித்தார். அவரை இழுத்துக்கொண்டு மண்மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். என்னைப் பின்னால் வந்த ட்ரக்டரில் ஏற்றிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். லொறியின் கதவு திறந்தபடியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் முதலில் கேட்ட கேள்வி: “மணிக்கட்டு எப்ப விழுந்தது? முறிஞ்ச உடனேயா, பிறகா?”

“பிறகு. கட்ட அவிழ்த்து முறுக்கினாங்க. அதுக்குப் பிறகு.”

அவர் முகம் மாறியது. தன் கையையே காட்டி விளங்கப்படுத்தினார். மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு மேற்கை எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றி இறங்குகிறதாம். முறிந்த இடமும் அதுதான். முன்பக்கமாக வெட்டினால் மல்லாக்கப் படுக்கவைத்தே தகடு வைக்கலாம். அவருக்கு லேசு. ஆனால், பின்னால் நரம்பு எந்த நிலையில் கிடக்கிறது என்று சரியாகத் தெரியாது.

“சரிச்சுப் படுக்கவைச்சுப் பின்னால வெட்டுறன். தசையப் பிரிச்சு முதல்ல நரம்பத் தேடுவன். அதக் கண்ட பிறகுதான் எலும்பில கை வைப்பன்.”

“எழுதுங்க டொக்டர். முறுக்கினது யாரெண்டும் எழுதுங்க.”

அவர் பேனையை எடுத்தார். கதவைப் பார்த்தார். ‘கட்டு அவிழ்க்கப்பட்ட பின்’ என்று எழுதினார். அவிழ்க்கப்பட்டதாம். தானாக அவிழ்ந்ததுபோல. என் எலும்பைத் திறக்கத் துணிந்த மனிதர் ஒரு வசனத்தைத் திறக்கத் துணியவில்லை. அவர்மேல் எனக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் குறையவில்லை.

சனிக்கிழமை காலை வெட்டினார். முறிந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையில் நரம்பு நசுங்கிக் கிடந்ததாம். அறுந்திருக்கவில்லை. மெல்ல எடுத்து ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, எலும்பைப் பொருத்தி, தகடு வைத்து எட்டு ஆணி முடுக்கினார். நரம்பு தகட்டுக்கு அடியில் அகப்படாமல் மேலே கிடக்கவிட்டுத் தைத்தார்.

“நரம்பு வளர நாளெடுக்கும். மாசக்கணக்கா. பொறுங்க.”

பொறுத்தேன். தொங்கிய கையோடு காவலரணுக்குப் போய்க் காக்காவைக் கேட்டேன். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள். ஐந்தாம் மாதம் மணிக்கட்டு அசைந்தது. எட்டாம் மாதம் எழுந்தது. ஒவ்வொரு மாதமும் காவலரணுக்குப் போனேன். பெருவிரல் இன்றுவரை நிமிரவில்லை.

இனி எண்ணுகிறேன். தறி இரண்டு. கொட்டில் ஒன்று. லொறி ஒன்று. பெருவிரல் ஒன்று. ராத்தா ஒருத்தி, அவள் ஜனாஸாவை அடக்கியதையும் நான் பார்க்கவில்லை. காக்கா ஒருவர். அரசாங்கக் கந்தோரில் தந்த படிவத்தில் அவர் பெயருக்கு நேரே ‘காணாமற்போனவர்’ என்று அச்சடித்திருந்தது. அதைக் கோடிட்டு வெட்டினேன். என் வலது கையாலேயே எழுதினேன்.

கொண்டுபோனார்கள்.