முள் பச்சையில்தான் நின்றது

என் கணவர் நொயலுக்குச் சுடச்சுடத் தேத்தண்ணீர் குடிக்க வராது. இரண்டு கோப்பை எடுத்து உயர்த்தி ஆற்றிக் கொடுக்க வேண்டும். அன்று காலையும் நான் குசினியில் நின்று ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஜெயசிங்கத்தின் ஜீப் ஹோர்ன் அடித்தது. “ஆறட்டும், வந்து குடிக்கிறன்” என்றார் நொயல், பின்னேரம் வரைக்கும் தேத்தண்ணீர் அவருக்காகக் காத்திருக்கும் என்பதுபோல. அது அவருடைய பகிடி. போட்டு வாறன் என்று சொல்லிப் படியிறங்கினார்.

வாக்குமூலத்தை என் மொழியிலேயே எழுதலாம் என்று சொன்னீர்கள். நல்லது. நீங்கள் கேட்டது கூலரைப் பற்றி மட்டும்தான். ஆனால் அந்தக் காலையைச் சொல்லாவிட்டால் கூலர் உங்களுக்கு விளங்காது.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ஜெயசிங்கமும் எங்களைப் போல மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த ஆள். எங்கள் கோயிலுக்குத்தான் வருவார். பெரிய ஓட்டோமற்றிக் ஜீப் ஒன்று வைத்திருந்தார். பின்னால் றெயிலரைக் கொழுவிக்கொண்டு மலைப்பாதைகளில் ஏறுவது அவருக்கு விருப்பம். நொயல் மெக்கானிக். அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டியில் இயந்திரத்தின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது எண்ணெய். பாரம் இழுத்து ஏற்றம் ஏறினால் அந்த எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் பிடிக்காது. இயந்திரம் கத்தும், சில்லு சுற்றாது. எண்ணெயை ஆற வைக்கத் தனிக் கூலர் ஒன்று போடுவோம் என்று நொயல் பல தடவை சொன்னார்.

“அண்ணை, பெட்டி சூடாகுது. ஒருநாளைக்கு நடுவழியிலை விட்டிடும்.”

“உனக்கு எல்லாத்துக்கும் சூடு கூடத்தான், நொயல். தேத்தண்ணியே சுடக் குடிக்கமாட்டாய்” என்பார் ஜெயசிங்கம். எங்கள் வீட்டு மேசையிலிருந்துதான் சொல்வார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அன்று ஏற்றத்தின் நடுவில் ஜீப் பிடியை விட்டது. அது பின்னால் உருளாமல் நொயல் இறங்கிப் பின்சில்லுக்குக் கட்டை வைக்கப் போனார். கட்டை வைத்தாயிற்றா என்று கேட்காமலே ஜெயசிங்கம் பிரேக்கிலிருந்து காலை எடுத்து மறுபடி ஏறப் பார்த்தார். கியர்ப்பெட்டி பிடிக்கவில்லை. ஜீப் பின்னால் வந்தது.

இதை அவரேதான் செத்தவீட்டில் என் கையைப் பிடித்து அழுதபடி சொன்னார். மரண விசாரணையில் வேறு சொன்னார். நொயல் தானாக இறங்கினார், தன் கால் பிரேக்கில்தான் இருந்தது, கூலர் தேவையில்லை, இருக்கிறதே போதும் என்று சொன்னவரும் நொயல்தான் என்றார். செத்தவர் வந்து மறுக்கவில்லை. விபத்து என்று எழுதினார்கள். வெளியே வந்து ஜெயசிங்கம் என்னிடம், “ஆறுதலா இரு, தங்கச்சி” என்றார்.

நான் பொய் சொல்வதில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஜெயசிங்கத்துக்கு நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நீங்கள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நான் டண்டினோங்கில் உதிரிப்பாகக் கடையொன்றில் கவுன்ரரில் நிற்பவள். இரண்டாயிரத்து இரண்டில், தவக்காலம் தொடங்கிய கையோடு, ஜெயசிங்கம் கடைக்கு வந்தார். வேறொரு ஜீப் வாங்கியிருந்தார், அதுவும் ஓட்டோமற்றிக்.

“தங்கச்சி, கூலர் ஒண்டு பூட்டாமல் இந்த முறை மலைப்பக்கம் போகமாட்டன். அண்டைக்கே நொயல் சொன்னதைக் கேட்டிருக்கோணும்.”

விசாரணையில் சொல்லாததை என் கவுன்ரரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் அவருக்குக் கூலர்களை எடுத்துக் காட்டினேன். அவர் மலிவானதைத்தான் முதலில் தூக்கினார். தகடு தகடாக அடுக்கிய பெரியதுதான் நல்லது என்று நான்தான் சொன்னேன். அந்தக் கடையில் அதைவிட நல்ல கூலர் இருக்கவில்லை. என் வீட்டு கராஜில், நொயலின் சாமான்களை வைத்து நானே பூட்டித் தருகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூலரில் பாதி வேலை அதைப் பூட்டும் இடத்தில் இருக்கிறது. றேடியேற்றருக்கு முன்னால் பூட்டினால், வண்டி ஊர்ந்தாலும் இயந்திரத்தின் விசிறி காற்றை இழுத்துக் கொடுக்கும். ஆனால் முன்பக்கத்தில் அவர் புதிதாக, புதைந்த வண்டியை இழுக்கும் விஞ்ச் ஒன்றும் பெரிய லைற்றுகளும் போட்டிருந்தார்.

“முன்னுக்கு வேண்டாம். வடிவு கெட்டுப்போகும். வேறை இடம் இல்லையோ?”

“கீழை, பக்கத்திலை பூட்டலாம்.”

“அங்கை ஆறுமோ?”

“ஓடேக்கை நல்லா ஆறும்” என்றேன்.

அதுவும் உண்மை. ஓடும்போது ஆறும். ஊரும்போது ஆறுமா என்று அவர் கேட்கவில்லை. றேடியேற்றருக்குள்ளால் போய் எண்ணெய் ஆறும் பழைய வழியையும் அடைத்துவிட்டேன். அப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சூடு காட்டும் முள் ஒன்றும் கேட்டார். அதன் உணரியைக் கூலருக்குப் போகும் குழாயில் வைக்காமல், ஆறித் திரும்பி வரும் குழாயில் வைத்தேன். சூடு அந்த முள்ளுக்கு வந்து சேரும்போது பெட்டிக்குள் காரியம் முடிந்திருக்கும்.

“முள்ளு பொய் சொல்லாதே?”

“முள்ளு பொய் சொல்லாது, அண்ணை.”

உங்கள் ஆட்கள் குழாய்களை அவிழ்த்துப் பார்த்தார்கள் என்று அறிந்தேன். ஒரு துளி கசிவு இருந்திருக்காது. நொயல் பூட்டியிருந்தாலும் அவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருக்கமாட்டார்.

றோசலினும் அன்று கூட வந்திருந்தாள், ஜெயசிங்கத்தின் மனைவி. நொயல் போன பிறகு எனக்குச் சமைத்துக் கொண்டுவந்தவள் அவள். அன்றைக்கும் நீலச் சட்டியில் கணவாய்க் கறி கொண்டுவந்தாள். ஜெயசிங்கம் முற்றத்தில் றெயிலரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கராஜில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் வேலை செய்வதைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போனால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“என்ன செய்யிறது, அக்கா? வண்டி நிண்டா இறங்கிக் கட்டை வைக்கிறது. இந்த மனிசன் என்னைக் கட்டினதே கட்டை வைக்கத்தான்.”

இருவரும் சிரித்தோம். எனக்கு அவளைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

கராஜ் மூலையில் நொயலின் மரக்கட்டை இருந்தது. விசாரணை முடிந்து பொலிஸ் திருப்பித் தந்தது. நான் அதைத் துடைத்து அவளிடம் கொடுத்தேன். என்ன கட்டை என்று அவள் கேட்கவில்லை.

“நல்ல பாரமாக் கிடக்கு. எங்கை நிண்டு வைக்கிறது, அக்கா?”

“நொயல் பின்னுக்கு நிண்டுதான் வைக்கிறவர்” என்றேன்.

அதுவும் உண்மை.

தவக்காலம் முடிய, பாஸ்கு விடுமுறைக்கு அவர்கள் மலைக்குப் போனார்கள். ஏற்றத்தில் ஜீப் பிடியை விட்டது. றோசலின் இறங்கினாள். மிச்சத்தை ஜெயசிங்கம் செத்தவீட்டில் என்னிடம் சொன்னார். “ஏன் காலை எடுத்தனான் எண்டு தெரியேல்லை, தங்கச்சி. முள்ளு பச்சையிலைதான் நிண்டது. ஏறும் எண்டு நினைச்சிட்டன்.”

நான் அவருக்குக் கொடுத்தது ஏற்கெனவே அவரிடம் இருந்ததைத்தான். அதே ஏற்றம், அதே கட்டை, அதே பிரேக். அந்த முறை காலை எடுக்காமல் இருந்திருந்தால் றோசலின் வீட்டுக்கு வந்திருப்பாள். எடுப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. செத்தவருக்கு ஒன்றும் தெரியாது. இருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரிடமிருந்து எடுப்பதற்கு அவளைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. எனக்கு றோசலினில் ஒரு கோபமும் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறை அவர் விசாரணையில் உள்ளதை உள்ளபடியே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ஜெயசிங்கம் நேரே என் வீட்டுக்கு வருவார். நோபல் பார்க் பகுதியில் தனக்கு மனம் ஆறுகிற வீடு இது ஒன்றுதான் என்பார். தேத்தண்ணீர் கொடுப்பேன். இப்போது அவருக்கும் சூடாகக் குடிக்க முடிவதில்லை. ஆற்றித்தான் கொடுக்கிறேன். “ஆறுதலாக் குடியுங்கோ, அண்ணை” என்பேன்.

போன ஞாயிறு குடித்து முடித்துக் கோப்பையை வைத்தவர் கேட்டார்.

“தங்கச்சி, றோசலின்ரை நீலச் சட்டி ஒண்டைக் காணேல்லை. அவளின்ரை தாய் குடுத்தது. இங்கை கிடக்கோ?”

“இல்லை, அண்ணை” என்றேன்.

வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று, ஏதாவது சமைத்துப் போட்டுக் கொடுக்க எடுத்து வைத்தது. குசினி அலுமாரியில், கழுவிக் கவிழ்த்தபடி, இன்னும் இருக்கிறது.