ஐம்பத்து நாலு எண்கள்

பழைய கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸ் ஏற்றுவது அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை. அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு என்று எங்கள் முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

என் பெயர் நல்லசிவம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் ஆபீஸ் பார்க்கிறேன். வெடிவிபத்து நடந்த அன்று, ஆறாம் அறை வேலுத்தாய் சுவருக்கு அடியில் உயிரோடு கிடந்தபோது, ஆபீஸ் போன் பதினொரு நிமிடம் ஏன் என் கையிலேயே இருந்தது என்றுதான் விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் கம்ப்யூட்டர் 1999இல் வாங்கியது. விண்டோஸ் 98. சூடானால் கெட்டுப்போகும் என்று நான் ஒரு தடவை சொன்னேன். மறுநாளே அதற்குத் தனி அறையும் ஏ.சி.யும் வந்துவிட்டன. மருந்து கலக்கும் அறைகளின் சூட்டைப் பற்றி முதலாளியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. என் துறை கம்ப்யூட்டர்.

அதன் முக்கிய வேலை அறைப் பட்டியல். தினமும் காலையில் எந்த அறையில் யார் யார் என்று அடித்து வைப்பேன். ஒரு அறைக்கு நாலு பேர் என்பது லைசென்ஸ். சீசனில் ஒன்பது பேர், பத்துப் பேர் இருப்பார்கள். ஆகவே பட்டியலில் இரண்டு கட்டம் போட்டிருந்தேன்: ‘லைசென்ஸ் ஆட்கள்’, ‘மிச்ச ஆட்கள்’. ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்றால் முதல் நாளே ஒரு போன் வரும். யார் பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை, மரியாதையான குரல். மறுநாள் பட்டியலைத் திறந்து மிச்ச ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோளக்காட்டுக்குள் அனுப்பிவிடுவேன். தூக்குவாளியோடு போய் உட்கார்ந்து, ஜீப் கிளம்பியதும் திரும்பி வருவார்கள். சிலர் அங்கேயே ஒரு தூக்கம் போட்டுவிடுவதும் உண்டு.

அந்த ஆவணியில் சரியாக ஜீப் வரும் நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரை முழுக்க நீலம். ஞாபகத்தை வைத்து ஆட்களைக் கிளப்பியதில் மூன்று பேர் உள்ளேயே தங்கி, வந்தவர் கண்ணில் பட்டுவிட்டார்கள். அவரைச் சமாதானப்படுத்த முதலாளி படாத பாடு பட்டார். அவர் போனதும் என்னிடம் வந்தார்.

“ஏலே நல்லசிவம், ஏ.சி.யில ஒக்காந்துக்கிட்டு நாலு ஆளுக பேர எடுத்துச் சொல்ல முடியலையோ ஒனக்கு?”

“சிஸ்டம் பழசு முதலாளி. விண்டோஸ் எக்ஸ்பி போட்டா இப்படி நிக்காது.”

“என்னத்தையாவது போட்டுத் தொலை.”

விருதுநகரில் கூடுதல் மெமரிக்கு ராம் வாங்கினேன். மதுரையில் ஒரிஜினல் சி.டி. வாங்கினேன். இந்தப் பக்கத்தில் எல்லோரும் காப்பி சி.டி.தான் போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. சட்டத்துக்கு விரோதமான காரியத்தில் இறங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஏற்றும்போது எதுவும் அழிந்துவிடக் கூடாதே என்று, மூன்று வருடப் பட்டியலையும் ஐந்து பிளாப்பிகளில் நகல் எடுத்து, மேலே தேதி எழுதி ஒட்டினேன்.

புரட்டாசி மாதம், வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு சி.டி.யைப் போட்டேன். முப்பத்தொன்பது நிமிடம் பாக்கி என்று திரையில் வந்தது; இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி ஒரு பச்சையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய பட்டியல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரிஜினல் சி.டி. என்றால் கம்பெனியில் பதிவு செய்ய வேண்டும். இன்டர்நெட் இல்லாதவர்கள் போனில் செய்யலாம். திரையில் ஐம்பத்து நாலு எண்கள் வரும். அதை அந்தப் பக்கம் இருப்பவரிடம் வாசிக்க வேண்டும். அவர் பதிலுக்கு வேறு எண்கள் சொல்வார். பத்து முப்பத்தெட்டுக்கு லைன் கிடைத்தது. ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. பாதி எண்கள் வாசித்திருந்தபோது, சரியாகப் பத்து நாற்பதுக்கு, ஏழாம் அறை வெடித்தது.

கரண்ட் போனது. யூ.பி.எஸ். இருந்ததால் கம்ப்யூட்டர் அணையவில்லை. ஏழாம் அறையில் இருந்த மூன்று பேருக்கு யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அதற்கு என்னைக் கேட்க மாட்டீர்கள். பக்கத்தில் ஆறாம் அறைச் சுவர் சாய்ந்து ஒன்பது பேர் அடியில் மாட்டிக்கொண்டார்கள். தீ இன்னும் அங்கே வரவில்லை. பெட்டி ஒட்டுகிற பானுப்பிரியா ஆபீசுக்கு ஓடி வந்தாள். வேலுத்தாயின் மகள். அந்த நேரத்திலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“சார், தீயணைப்புக்குச் சொல்லணும் சார். அம்மா செவத்துக்கு அடியில கெடக்கு. கூப்பிட்டா பேசுது.”

“செத்த பொறும்மா. கம்பெனி லைன்ல இருக்கு. இப்ப வெச்சா மொதல்ல இருந்து வரணும்.”

“எம்புட்டு நேரமாகும் சார்?”

ஒரு விரலைக் காட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் அவ்வளவு மரியாதை. நான் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஜன்னலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். இரண்டு தடவை “சார்” என்றாள். ஆட்களின் செல்போன்களை கேட்டில் வாங்கி என் டிராயரில் பூட்டிவைப்பது யூனிட் விதி. அன்று மூன்று இருந்தன. விதியை நான் மீறவில்லை.

பத்து ஐம்பத்தொன்றுக்குப் போனை அவளிடம் கொடுத்தேன். வண்டி பன்னிரண்டே நிமிடத்தில் வந்தது. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தீ ஆறாம் அறைக்கு வந்துவிட்டது. நாலு பேர் அங்கே இறந்ததாகப் பேப்பரில் வந்தது. மிச்ச ஆட்கள் அந்தக் கணக்கில் வரவில்லை; செத்துப்போன வேலுத்தாய் விறகு பொறுக்க வந்தவள் என்று போட்டிருந்தார்கள். அன்று அவள் வேலைக்கு வந்ததாக எழுத்தில் எதுவும் இல்லை என்று பானுப்பிரியாவுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தால் எப்படியும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் தீயணைப்பு வண்டி வந்தால் பின்னாலேயே ஜீப்பும் வரும், இந்தத் தடவை முன்கூட்டி யாரும் போன் செய்ய மாட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிளாப்பிதான் இழுத்தது. ஒன்றை முழுதாக அழிக்க ஒன்றரை நிமிடம் ஆகும்; ஐந்து இருந்தன. ஒரு கையில் போன், மறு கையில் பிளாப்பி. அதுவும் விண்டோஸ் ஏற்றுகிற வேலைதான் என்று பானுப்பிரியா நினைத்திருப்பாள்.

போனில் இருந்த கம்பெனிப் பெண், வெடித்து நாலாவது நிமிடத்திலேயே எல்லா எண்களையும் வாங்கிக்கொண்டு, பதில் எண்களையும் தந்து, நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஏழு நிமிடமும் நான் வாசித்தது யாருமில்லாத போனிடம். பானுப்பிரியா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், ஒரு எண்ணைக்கூட விடாமல் வாசித்தேன்.