ஆறு மணிக்குள்

புதுவயல் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைப்பவள், பாதமெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்து இளையவள் சொன்னாள்:

"நம்ம பெரிய வீட்டு வேலைய விட்டுட்டு வெயில்ல வேகுறீகளேக்கா. அங்க ரூம்பு, மூணு வேளைச் சோறு. உங்களத் திரும்ப வரச் சொல்லி என்னைய அனுப்புனாக."

"எங்காத்தா செத்தன்னைக்கு, சிங்கப்பூர்ல இருக்க வீட்டுக்கார ஆச்சி போன எடுத்து உத்தரவு சொல்ற வரைக்கும் வாட்ச்மேன் கேட்டத் தொறக்கல. நான் ஊருக்குப் போறதுக்குள்ள பொணத்தத் தூக்கிட்டாக. கொப்புளம் ஆறிரும் புள்ள."

பெரிய வீடு இருக்கும் கோட்டையூர் வந்ததும் இளையவள் எழுந்தாள்.

"புதுவயல் வரைக்கும் வா. நம்ம வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

"இல்லக்கா, ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவாக."

இறங்கியவள் ஓடத் தொடங்கினாள்.