ஒரு மணி நேரத் தூரம்

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். தென்காசியிலிருந்து வீரகேரளம்புதூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம்.

"லண்டன்லருந்து பாரிசுக்கு பிளேன்ல ஒரு மணி நேரந்தாம்ட்டி," என்றாள் அவள்.

"அப்போ லண்டன்ல இருக்க ஒங்க மூத்தவனும் பாரிசுல இருக்க சின்னவனும் அடிக்கடி பாத்துக்கிடலாமேக்கா."

"எங்க? ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. 'ஒரு மணி நேரந்தானலே, போயித் தம்பியப் பாரு'ன்னு மூத்தவனுக்கு எழுதுனேன்."

"என்ன சொன்னான்?"

"'வீரகேரளம்புதூர்ல இருக்க சித்தி வீட்டுக்கும் ஒரு மணி நேரந்தான். சண்ட போட்ட பொறவு நீ ஒரு தடவ போனியா'ன்னு கேட்டுட்டான்."

பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. "அதுக்கா இப்பப் போறிய?"

"அதுக்குத்தான்."

"ஒங்க தங்கச்சி கதவத் தொறக்கலன்னா?"

மூத்தவள் பையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"தொறக்குத வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன். அவனுக்குப் பதில் எழுதணும்லா."