அண்ணன் அடித்த காட்சி

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடிக்கலாம். நான் எழுந்து நடந்துகொண்டே பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. எழுதுவதும் அப்படித்தான், அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்துதான் எழுதுவேன்.

பக்கத்து அறையில் என் அண்ணன் இருக்கிறான். அம்மா பின்கட்டுப் படியில் விழுந்து இறந்ததற்குத் தானே காரணம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் தொலைக்காட்சித் தொடருக்குக் கதை வசனம் எழுதுகிறவன். நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். ஒரு பெண் பழைய கட்டிடத்து லிஃப்டில் ஏறி, இல்லாத மாடிக்குப் பொத்தானை அழுத்துவாள். கதவு திறந்தால் ஏதோ ஒரு குடும்பத்தின் பழைய நாள். அங்கே நடக்கவிருக்கும் சண்டையைத் தடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். மாமியார் மருமகள், அண்ணன் தம்பி, அப்பன் பிள்ளை என்று வாரத்துக்கு ஒரு வீடு. சண்டைக்கா பஞ்சம், தொடர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுச் சண்டை ரொம்பச் சின்னது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றான். அப்பா, "அப்படின்னா இப்பவே வெளியே போ" என்றார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைச் சுவரில் விசிறிவிட்டுப் போனான். குடித்திருந்தான், அது உண்மை. ஆனால் யார் மேலும் கை வைக்கவில்லை. அம்மா தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன்.

அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் நானும்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று தட்டிக்கழித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு கிழமையை, பிறகு என்னை. குளிப்பாட்டி, தலை சீவி, ஊட்டிவிடுகிற என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள்.

அண்ணனை மட்டும் மறக்கவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். "பெரியவன் வந்துட்டானா? கதவைத் தாழ் போடாதீங்க, பெரியவன் வருவான்." கால் வீங்கிய பிறகும் நடப்பாள். பிடித்து உட்கார வைத்தால் கை மட்டும் நடக்கும், மடியில் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக. ஒரு மனிதரால் அதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் கதையையே தொடருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் பாதியில் சண்டை நடந்தது நடந்தபடி. அடுத்த பாதியில் லிஃப்டுப் பெண் வருகிறாள், அப்பாவின் கோபத்தைத் தணிக்கிறாள், தட்டு பறக்கவில்லை, அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிறான். நல்ல கதைதான். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் அண்ணன் போன் செய்தான். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"சின்னவனே, வேலையை விட்டுட்டேன்டா. இனிமே கடல் வேண்டாம். ரெண்டு மாசத்துல வந்துடுவேன். அம்மாவை என்கிட்ட வெச்சுக்கறேன். நீ பட்டது போதும்."

பட்டது போதுமாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அவன் எப்போதும் நல்லவன். நான் போனை வைத்துவிட்டுக் காட்சியைத் திருத்தினேன். ஒரே ஒரு திருத்தம். முதல் பாதியில் தட்டை வீசிய பிறகு, குறுக்கே வரும் அம்மாவை அண்ணன் கன்னத்தில் அறைகிறான். அவள், "அடிக்காதேடா பெரியவனே" என்று பின்னால் நகர்கிறாள்.

இயக்குநருக்குத் தயக்கம். "ரைட்டரே, அம்மாவை அடிக்கணுமா? தட்டு போதாதா?"

"தட்டைத் தடுக்க ஒருத்தி காலம் தாண்டி வரணுமா சார்?" என்றேன். ஒத்துக்கொண்டார்.

செட் போட எங்கள் வீட்டுப் போட்டோக்களைக் கொடுத்தேன். அதே பச்சை ஜன்னல், அதே காலண்டர் ஆணி. தையல் மெஷினே எங்களுடையதுதான், வண்டி வைத்துக் கொண்டுபோனேன். அம்மாவாக நடித்தவருக்கு அம்மாவின் நீலச் சால்வை, அண்ணனாக நடித்தவனுக்கு அண்ணன் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டை. படப்பிடிப்பன்று அம்மாவையும் கூட்டிப்போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வேடிக்கை பார்க்கட்டுமே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள்.

அம்மா செட்டைப் பார்த்ததும் நடப்பதை நிறுத்தினாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி. இயக்குநருக்கு அந்தக் கன்னத்து அறை திருப்தியாக விழவில்லை, "இன்னொண்ணு போகலாம்" என்று திரும்பத் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அம்மா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் அந்த நடிகன் வந்து, "பாட்டிம்மா, சும்மா நடிப்பு, பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்தான். அம்மா நாற்காலியோடு பின்னுக்குப் போனாள்.

நான் நடிப்பென்று சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது, "அது எப்போ நடந்துச்சு?" என்று கேட்டாள். "பெரியவன் போன அன்னிக்கும்மா" என்றேன்.

ஒளிபரப்பான பிறகு மத்தியானம் தோறும் அந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். லிஃப்டுப் பெண் திரும்ப வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிற பாதிக்கு முன்பே நிறுத்திவிடுவேன். அம்மா நன்றாகக் கவனித்துப் பார்ப்பாள். சில நாளில் கன்னம் வலிக்கிறது என்றாள். தைலம் தடவிவிட்டேன். வாசலுக்கு நடப்பது குறைந்தது. ஒருநாள் அவளே எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். நானும்தான்.

மருந்தால் வராத நிம்மதி சார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அண்ணனும் எங்கோ ஒரு துறைமுகத்தில் போனில் அதைப் பார்த்திருக்கிறான். கூப்பிட்டான்.

"டேய், அது நம்ம வீடு. அது என் சட்டை. அன்னிக்கு எனக்கு நிதானமில்லடா, தட்டை எறிஞ்சதுகூட அரைகுறையாத்தான் ஞாபகம் இருக்கு. நான் அம்மாவை அடிச்சேனா?"

"அதெல்லாம் பழைய கதை, விடுண்ணா" என்றேன்.

அவன் அழுதான். "வந்து கால்ல விழறேன்டா" என்றான். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் வந்தான். தலை நரைத்திருந்தது. கையில் அம்மாவுக்கு ஒரு பெட்டி நிறையக் கலர் கலராகத் தையல் நூல். நான்தான் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனேன். அம்மா சமையலறையில் இருந்தாள். அவன், "அம்மா, நான் பெரியவன்" என்று காலில் விழக் குனிந்தான். கை நீட்டிக் குனிந்தால் ஓங்குவது போலத்தான் இருக்கும், அதுவும் பயந்தவளுக்கு.

அம்மா, "அடிக்காதேடா பெரியவனே" என்றாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்த நடிகை சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். பின்னால் நகர்ந்தாள், திரும்பவும் சொன்னாள், திரும்பவும் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால், படிக்கட்டுக்குப் போகிற பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. எப்போதும் பூட்டிவைக்கிற கதவு. நேற்று வெக்கையாக இருந்ததால் காலையில் நான்தான் திறந்துவைத்தேன். அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். மூன்றாவது தடவையும் அதையே சொல்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு வந்தபோது அண்ணன்தான் படிக்கட்டின் அடியில் அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு, "நான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்" என்று அலறிக்கொண்டிருந்தான். அவர்கள் அதை நேற்றைய அடி என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் சொன்னது அந்தப் பழைய அடியை. இரண்டும் நடக்கவில்லை.

அவனை விட்டுவிடுங்கள் சார். கூடப்பிறந்தவன், செய்யாத குற்றத்துக்கு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன். வேறு காரணம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் வாக்குமூலத்தை அடித்துவிடுங்கள். அம்மா சாகும்வரை அவன் பெயரைத்தான் சொன்னாள், கடைசி வசனத்தில்கூட அவன் பெயர்தான், அதுவும் நான் எழுதிக்கொடுத்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவன் நான். அவளைக் கொன்றது யார் என்ற இடத்திலாவது, என் பெயரைப் போடுங்கள்.