சக்கரத்துக்கு முட்டு

உலு யாம் ஊர்க் கடையொன்றில் ரொட்டி சானாய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பணவண்டிக் காவலாளிகள் இருவர், குண்டு துளைக்காத சட்டையோடு. மூத்தவர் தன் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தம் செத்திருக்கே. இத கீழ போட்டியா?”

“இல்லண்ணே. இரும்புதானே, என்னா ஆவும்?”

“உள்ள இருக்கறது பீங்கான்டா. அது நொறுங்கித்தான் குண்ட நிறுத்தும். முன்னமே விரிசல் விட்டிருந்தா நிறுத்தாது.”

“துணியில கீறல்கூட இல்லையே.”

“விரிசல் துணியிலயா தெரியும்? நேத்து டயர் மாத்துனப்ப சக்கரத்துக்கு எத முட்டுக் குடுத்த?”

இளையவர் கல்லாவைப் பார்த்தார்.

“கல்லு கெடைக்கலண்ணே.”

“அப்ப ஒன்னோடத கழட்டு. நான் போட்டுக்கறேன்.”

“சக்கரத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வெச்சேண்ணே.”