காசாக்காரரின் மகன்

எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஃபஹாஹீலிலிருந்து குவைத் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், மற்றவர் பேச்சு தஞ்சாவூர்ப் பக்கம்.

"எங்கட ஃபோர்மன்ர மகன் இப்ப ஆகாயத்திலதான் குடியிருக்கிறான்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"யாரு, அந்தப் பாலஸ்தீனக்காரரு பையனா?"

"ஓம். இஞ்சயே பிறந்தவன். இருபத்தொரு வயசு முடிஞ்சுது, வேலை கிடைக்கேல்லை. தகப்பன்ர விசாவில இனி இருக்கேலாதெண்டு கெய்ரோவுக்கு அனுப்பிப்போட்டாங்கள்."

"ஏன், எகிப்துக்காரனா அவன்?"

"காசா முந்தி எகிப்தின்ர கையில இருந்ததால, அவனிட்ட இருக்கிறது எகிப்து குடுத்த அகதிப் பத்திரம். ஆனா அந்த நாட்டுக்குள்ள போக அதுக்கும் விசா வேணுமாம். அங்கயிருந்து திருப்பி அனுப்ப, இஞ்சயும் இறங்க விடேல்லை. நேற்றும் கெய்ரோ பிளேனில ஏத்தியிருக்கிறாங்கள்."

"அப்பா ஊருக்கே போயிடலாமே?"

"காசாவுக்கோ? அறுபத்தேழுச் சண்டைக்கு முந்தியே தகப்பன் வெளிக்கிட்டவர். அந்தச் சண்டையில ஊரைப் பிடிச்ச இஸ்ரேல்காரன் திரும்ப விடமாட்டான்."

"அய்யோ பாவம். அவங்க அம்மா?"

"தினம் சாப்பாடு கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போறா. உள்ள விடமாட்டாங்கள். வாசல்ல நிண்டுபோட்டு, அதைத் திருப்பிக் கொண்டு வாறா."

தஞ்சாவூர்க்காரர், "என்ன கஷ்டம் இருந்தாலும் நமக்குன்னு போக ஒரு வீடு இருக்குண்ணே," என்றார்.

"உங்களுக்கு இருக்கு, தம்பி. எங்கட வீட்டில ஆமி காம்ப் போட்டிருக்கு."